தோற்றம், மறைவு

கப்பலிலிருந்து கடலில் விழுந்த தாமிராவின் அண்ணன் முகிலனின் உடல் கிடைக்கவில்லை. இணையத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பக்கம் மட்டும் இருந்தது. பார்ப்பவர் மனம் நோகாதபடி பக்கங்கள் தாமே மாறிக்கொள்ளும் காலம் அது. தாமிரா திறந்தால் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள் தெரியும். அம்மா திறந்தால் தோற்றம் மட்டும்தான்.

“அதுலயே போடலையேடி. முகிலன் வந்துருவான்” என்பாள் அம்மா. ஆறு மாதமாக அவனுக்கும் சேர்த்து மூன்று டம்ளர் அரிசி போட்டாள்.

டிசைன் படிக்கும் தாமிரா, யாருக்காகவும் மாறாத ஒரு பக்கம் செய்யவே கோடிங் கற்கத் தொடங்கினாள். கையாலேயே எழுதிய முதல் பக்கத்தில் அண்ணன் பெயரையும் இரண்டு தேதிகளையும் போட்டாள். தலைப்புக்கான குறியை மூட மறந்துவிட்டாள். கடைசி வரி வரை எல்லாமே தலைப்பளவு பெரிதாக நின்றது.

திருத்துவதற்குள் அம்மா வந்து, கண்ணாடி போடாமலே வாசித்தாள். பக்கத்தை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடித் திறந்தாள்.

“என்னடி இது, மறைவு போகவே மாட்டேங்குது?”

“நான் எழுதினதும்மா. யாரு பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்.”

அம்மா அடுக்களைக்குப் போனாள்.

அன்று மதியம் இரண்டு டம்ளர் அரிசிதான் வெந்தது. தாமிராவுக்கு அதுவும் இறங்கவில்லை.