விரிசல் தெரியாத வளையல்

மகளின் வளைகாப்புக்கு ஜேட் வளையல் வாங்க வேண்டும். மருமகன் வீட்டார் சீனர்கள், கல்லைப் பார்த்ததுமே தரம் சொல்லிவிடுவார்கள். எவனும் தன் தலையில் போலியைக் கட்டிவிட முடியாது என்ற வைராக்கியத்தோடுதான் பினாங்கில் குணவதி கைப்பேசித் திரையில் நகைக்கடைக்காரரை வீடியோவில் அழைத்தாள்.

"டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிங்க தம்பி."

பிசின் ஏற்றிய போலிக் கல்லில், சாய்ந்த வெளிச்சத்தில் சிலந்தி வலை போலக் கோடுகள் தெரியும். கடைக்காரர் காட்டிய எந்த வளையலிலும் ஒரு கோடுகூட இல்லை. மலிவானதிலும் இல்லை.

அவளுக்குப் பொறி தட்டியது. கதவில் இடித்து விரிசல் விட்டிருந்த தன் பழைய வளையலைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள்.

"இது எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரி சுத்தமா இருக்கு ஆன்ட்டி."

"நகம் தடுக்குற அளவுக்கு விரிசல் இருக்கு தம்பி!"

"கீறல், மாசு எல்லாத்தையும் கேமராவே அழிச்சிடும் ஆன்ட்டி. இப்ப எல்லா போன்லயும் அப்படித்தான். நிறுத்த வழியில்ல."

குணவதி அழைப்பைத் துண்டித்தாள். கோலாலம்பூரிலிருந்து மகள் தினமும் இதே திரையில்தான் பேசுகிறாள். களைப்பே தெரியாத முகம், மாசில்லாத கன்னம். குரல் மட்டும் கொஞ்ச நாளாகக் கம்மியிருந்தது. சளி என்றாள்.

குணவதி பையை எடுத்துத் துணிகளைத் திணித்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர். "அடுத்த மாசம் வளைகாப்புக்குப் போறோமே. நேத்துகூடப் பிள்ளையப் பார்த்தியே!"

"பஸ்ஸுக்கு டிக்கெட் எடுங்க. கல்யாணமாகிப் போனதுலருந்து நான் அவளைப் பார்க்கவே இல்லைங்க."