ஒப்பந்தத்தில் இல்லாத பாலம்

"உண்மை பேச உங்களுக்கு என்ன கூலி?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

சாட்சிக் கூண்டில் நின்றவர் கான்கிரீட் பரிசோதகர். திறந்த ஆறாம் மாதமே இடிந்து விழுந்த ஆற்றுப் பாலத்துக்கு, சாம்பிள் கட்டிகளை நசுக்கிப் பார்க்காமலே 'உறுதி' என்று கையெழுத்துப் போட்டவர். பாலம் கட்டிய கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொன்னால், அந்தக் கையெழுத்துக்காக அவர் மேல் வழக்கில்லை என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. சட்டப் புத்தகத்தில் இதன் பெயர் அரை வரி நீளும். கோர்ட் வராந்தாவில் 'தப்பிச்சுக்கிட்டான்' என்று ஒரே சொல்.

"கூலி இல்லைங்க. பாதுகாப்பு."

"அந்தப் பேப்பர் இல்லேன்னா கோர்ட்டுப் பக்கம் வந்திருப்பீங்களா?"

பரிசோதகர் தலை குனிந்தார். "மாட்டேங்க. பயம்."

பின்வரிசையில் அவர் மச்சான் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்: "எங்க அக்கா வீட்டுக்காரர்தான். தயவுசெஞ்சு வெளியே சொல்லிடாதீங்க."

வக்கீலுக்கு உற்சாகம் பிறந்தது. "ஆக, பேப்பர்ல இருக்கிறது மட்டும்தான் உங்க உண்மை! வேற எந்தப் பாலத்துக்காவது இப்படிக் கையெழுத்து..."

கேள்வி முடியும் முன்பே அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி!" தம் சாட்சி மேல் அவ்வளவு அக்கறை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்லை. அரசோட உங்க ஒப்பந்தம், இடிஞ்சு விழுந்த பாலத்துக்கு மட்டும்தான். சொன்னா உங்க மேல கேஸ் வரும், ஜெயிலும் வரலாம். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா. சொன்னா கோர்ட் ரிக்கார்டுல ஏறுமா?"

"ஏறும்."

"அப்புறம் அதை யாராலயும் அடிச்சு அழிக்க முடியாதே?"

"முடியாது."

பரிசோதகர் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தார்.

"அப்ப எழுதிக்குங்க. ஸ்டேஷன் ரோடு மேம்பாலம். அங்கேயும் நான் ஒரு கட்டியைக்கூட நசுக்கிப் பார்க்கலை. இன்னிக்கே மூடச் சொல்லுங்க ஐயா. இப்பவும் பஸ் போயிட்டிருக்கு."

பின்வரிசையில் மச்சான் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதை போலீஸ் விசாரணையிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றார் நீதிபதி.

"மூணு தடவை சொன்னேங்க. அந்தப் பேச்சை எடுத்தா ஒப்பந்தமே கிடையாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

பரிசோதகர் அரசு வக்கீலைச் சங்கடத்தோடு பார்த்தார்.

"அந்த மேம்பாலம் கம்பெனி கட்டினதில்லைங்க. அரசாங்கமே கட்டினது."