மேட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

ஆதிகாலத்து மனிதர்களைப் புதைத்த அந்த மண்மேட்டுக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பதில் காவலாளி கறார். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"என் தொப்பைக்கு அந்த ஓட்டை சரிப்படாது. நீ போயிட்டு வா," என்று கணவன் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கிய புதுச் செருப்பை, விட்டது சனியன் என்று உதறிவிட்டு, அவள் உள்ளே தவழ்ந்தாள்.

உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ஓர் ஆள் படுத்த அளவுக்கு மண் குழிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கைபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

அவசரமாகத் திரும்பித் தவழ்ந்தாள். கம்பிக்கதவு பூட்டியிருந்தது. வாசலில் செருப்பைக் காணோம்.

"ஏங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். காவலாளி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்குப் போனார். கணவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி யாரிடமோ கேட்டான்:

"செருப்பு இன்னும் கடிக்குதா?"

"இல்லைங்க," என்றது அவளுடைய குரல். "காலுக்குப் பழகிடுச்சு."