பெறுநர்: அக்கா

முன்னொரு காலத்தில் இல்லை, போன மாசம்தான். ஒரு வீட்டில் ஒரு மாமனார் இருந்தார். ராஜாவெல்லாம் இல்லை. பார்சல் ஆபீசில் பொட்டலம் கட்டி ரிட்டயர் ஆனவர்.

ரிட்டயர் ஆன புதிதில், காலையில் சட்டைப் பித்தானெல்லாம் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நடுவில் சுவர்தான் பேச்சுத் துணை.

அப்புறம் மருமகள் ஓவன் வாங்கினாள். கூடவே வாங்கிய ஃபாயில் சுருளைப் பார்த்ததும் மனுஷருக்குக் கை துறுதுறுத்தது. மீன், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றையும் ஃபாயிலில் வைத்து, மூலை மடித்து, விளிம்பு நீவி, நூலால் கட்டி, அதில் ஒரு சீட்டைச் செருகினார்: 'பெறுநர்: மருமகள்'. அன்றிலிருந்து வீடு முழுக்க அவர் விசில்தான்.

பொட்டலம் கண்ணில் ஒத்திக்கொள்கிற மாதிரி இருக்கும். உள்ளேதான் வில்லங்கம். ஒன்று, உப்பே இருக்காது. இல்லாவிட்டால் உப்பு மட்டும்தான் இருக்கும்.

"வேகுறதுக்கு முன்னாடி ஒருதரம் பிரிச்சு உப்பு பார்த்துடலாமே, மாமா?"

"கட்டின பார்சலைப் பிரிக்கிறதா? உத்தியோகத்துல இருந்தவரைக்கும் அந்தப் பாவத்தைச் செஞ்சதில்லம்மா!"

அவருடையது ஆபீஸ் கேன்டீனில் வளர்ந்த நாக்கு. எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஒருதரம் மகன் வாய் தவறி, "அப்பா, உப்பு கொஞ்சம்..." என்று இழுத்தான். அவ்வளவுதான். மனுஷர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். சுவரிடமிருந்து மீட்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்த லட்சணத்தில் பட்டு அத்தை, சுருக்கமாகப் பட்டத்தை, வருவதாகப் போன் வந்தது.

பட்டத்தை மாமனாரின் அக்கா. பட்டு உடுத்துவதால் வந்த பெயர் இல்லை, பட்டுனு பேசுவதால் வந்த பெயர். புது சோபாவைக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம், "கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்" என்றவர். ஊசி போட வந்த டாக்டரிடமே, "உங்க கை நடுங்குது, ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க" என்றவர்.

"அவங்க ஒரு வாய் வெச்சாப் போச்சு. மாமா மறுபடி நாற்காலிதான்" என்று புலம்பினாள் மருமகள்.

"எனக்கு டூட்டி இருக்கு, நீ பார்த்துக்க" என்று கணவன் நழுவினான்.

மாமனார் மூன்று பொட்டலம் போட்டார். அக்கா வருகிற பூரிப்பில் அக்கா பொட்டலத்துக்கு உப்பு போட்டார். போனில் பேசினார், மறுபடி போட்டார். பாட்டு முணுமுணுத்தார், மறுபடியும் போட்டார். மற்ற இரண்டில் துளிக்கூட இல்லை. எல்லாவற்றையும் மருமகள் ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து, பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்.

கதவு சாத்தியதும் மருமகள் பாய்ந்தாள். தன் பொட்டலத்தைப் பிரித்து, உப்பும் மிளகும் அளவாகத் தூவி, மறுபடி மடித்தாள். அந்த மடிப்பு அவளுக்கு வருமா? கசங்கிய தலையணை மாதிரி இருந்தது. சீட்டுகளை மாற்றிச் செருகினாள். நல்லது அத்தைக்கு, உப்பு மூட்டை தனக்கு.

"கடவுளே, என் நாக்கைக் காப்பாத்து" என்று ஓவனுக்குள் தள்ளினாள்.

வெந்த பொட்டலங்கள் மேஜைக்கு வந்தன.

"பிரிக்கா, பிரி!" மாமனார் குதித்தார்.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாடா!"

அவர் கை கழுவ ஓடினார். மருமகள் தண்ணீர் எடுத்து வந்தாள். எல்லோரும் பிரித்தார்கள். மருமகளின் கைதான் தன் பொட்டலத்தைப் பிரித்தது. கண் பட்டத்தையின் வாயை விட்டு நகரவில்லை.

பட்டத்தை ஒரு வாய் வைத்தார். விழி பிதுங்கியது. அப்புறம் மூடியது.

"டேய் தம்பி..."

"சொல்லுக்கா."

"அமிர்தம்டா!"

மாமனார் வெட்கத்தில் நெளிந்தார். பட்டத்தை வழித்துச் சாப்பிட்டார். நடுநடுவே செம்பு செம்பாகத் தண்ணீர். "ஒண்ணுமில்ல, வெயில் ஜாஸ்தி."

மருமகள் பயந்து பயந்து தன்னுடையதை வாயில் வைத்தாள். அட! மூன்று தடவை போட்ட உப்பு எங்கே போச்சு? ஓவன் சூட்டில் ஆவியாகிவிட்டதோ?

"மாமா, இன்னைக்கு நிஜமாவே பிரமாதம்!" முதல் முறையாகப் பொய் கலக்காமல் பாராட்டினாள்.

"அப்ப வழிக்கும் நாலு கட்டித் தரேன்க்கா!"

பட்டத்தை இன்னொரு மடக்கு தண்ணீர் குடித்தார். "கட்டுடா."

சாயங்காலம் மாமனார் விசிலடித்துக்கொண்டே ஓவன் தட்டைத் தேய்க்க, மருமகள்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனாள்.

"நல்லவேளை அத்தை, உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சே."

"பிடிச்சுதா? உப்பளத்துல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு."

மருமகள் நின்றுவிட்டாள். "இல்லையே... உங்க பொட்டலம்..."

"நீ மடிச்சது. என் ஸ்கூல் புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டது அவன்தான். அவன் மடிப்பு எனக்குத் தெரியாதா? நீ தண்ணிக்குப் போனதும் சீட்டோட மாத்திட்டேன். என் தம்பி எனக்குன்னு கட்டினதை நீ திங்கறதாவது!"

"அப்ப நான் பிரமாதம்னு சொன்னது?"

"உன்னை நீயே மெச்சிக்கிட்டே."

மருமகளுக்கு நடுரோட்டில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "யாரையும் விட மாட்டீங்களே அத்தை, மாமாகிட்ட மட்டும் ஏன்..."

"நான் முதமுதலா சமைச்ச அன்னைக்கு வீட்டுல அத்தனை பேரும் துப்பினாங்க. அவன் மட்டும் தட்டை நீட்டி, 'இன்னும் கொஞ்சம் போடுக்கா'ன்னான்."

பஸ் வந்தது. பட்டத்தை பையை வாங்கிக்கொண்டார்.

"ஆனா உன் மடிப்பு மகா கேவலம். அவன்கிட்ட கத்துக்க" என்று பட்டுனு சொல்லிவிட்டு, மருமகள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.