நடுங்காத படங்கள்

கையில் லேசான நடுக்கம் வந்ததும், இனி ஆபரேஷன் செய்வதே வேண்டாமென்று ஆறு மாதமாக வீட்டில் முடங்கிவிட்டார் அந்தக் கண் டாக்டர். பொழுது போகட்டும் என்று மகள் ஒரு கேமரா வாங்கித் தந்தாள்.

முதல் படமே பளிச்சென்று வந்தது. நம்பிக்கை வராமல் நூறு படம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கலங்கவில்லை, சாயவுமில்லை.

"நடுக்கம் போயிடுச்சும்மா."

"ஓய்வெடுத்தா சரியாயிடும்னு நான்தான் சொன்னேனேப்பா," என்று மகளும் பூரித்துப்போனாள்.

மறுவாரமே கிளினிக்கைத் திறந்தார். மனைவிக்குப் பார்வை இருந்ததே ஒரு கண்ணில்தான். அதிலும் புரை முற்றியிருந்தது. "உன்னை இன்னொருத்தர் கையில விடுவேனா?" என்று தானே ஆபரேஷன் செய்தார்.

கட்டுப் பிரிக்கும் அன்று, அவள் முகத்தைப் படமெடுக்கக் கேமராவோடு நின்றார். மருமகன் அதை வாங்கிப் பார்த்தான்.

"நல்ல மாடல் மாமா. கை எவ்வளவு ஆடினாலும் இதுவே சரி பண்ணிடும், கோணலாப் பிடிச்சாலும் நிமிர்த்திடும். உங்களுக்காகவே தேடிப் பிடிச்சு வாங்கினா உங்க பொண்ணு."

அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

நர்ஸ் கட்டை முழுவதும் பிரித்து எடுத்தாள். அறை நிறைய வெயில்.

மனைவி வெறும் சுவர் பக்கம் திரும்பி, அவரைப் பார்ப்பதாக நினைத்துச் சிரித்தாள்.

"விளக்கைப் போட்டுட்டு எடுங்க," என்றாள்.