இன்னும் காயலை

"தம்பி, தரை காஞ்சிடுச்சா?"

போனில் பெரியவர் குரல். டைல்ஸ்காரர் கையிலிருந்த கரண்டியைப் பசை வாளியில் குத்தி வைத்தார்.

"இல்லீங்க ஐயா. உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. கால் வெச்சா டைல்ஸ் அசைஞ்சிடும்."

"அப்படியா? சரி சரி. அவசரமே இல்ல. நல்லாக் காயட்டும். நாளைக்குக் கேக்குறேன்."

போனை வைத்ததுதான் தாமதம், பக்கத்தில் பசை கலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்சமாச்சும் கூசுதா உங்களுக்கு? பெரியவர் ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினது எப்போ! ஒரு நாள் மிதிக்காம விட்டா மறுநாள் யானையைக் கொண்டாந்து கட்டலாம். இன்னும் ஈரமாம்ல ஈரம்!"

"நான் என்னடி பண்ண? அவர் மகன் சொல்லச் சொன்னார், சொல்றேன்."

"ஏன், அவருக்கு நாக்கு இல்லியா? உங்க நாக்கைத்தான் வாடகைக்கு எடுத்தாரா?"

டைல்ஸ்காரர் ரப்பர் சுத்தியலை எடுத்து, தட்டவே வேண்டாத டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பும்போது மகன் சொன்னதை டைல்ஸ்காரரும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். "உங்க ரூம்ல டைல்ஸ் மாத்தறோம்பா. இந்தத் தூசி உங்களுக்கு ஆகாது. தரை காயற வரைக்கும் அங்க இருங்க. காஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வரேன்."

பெரியவரும் ரெண்டு சட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போனார்.

போர்சலின் டைல்ஸ் பளபளவென்று ஒட்டி முடிந்தது. மறுநாளே அந்த ரூமில் மகனுடைய பெரிய மேசை வந்தது, சுழல் நாற்காலி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. பெரியவருடைய கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்தார்கள்.

"அப்பா போன் பண்ணா இன்னும் காயலைன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா சந்தேகப்படுவார். வேலை செய்யற நீங்க சொன்னா நம்பிடுவார்" என்றார் மகன். கூடவே, "மாடி வேலையும் உங்களுக்குத்தான்."

கையில் வேறு வேலை இல்லாத நேரம். டைல்ஸ்காரர் தலையை ஆட்டிவிட்டார். அதுதான் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் கை கழுவும்போது மனைவி மறுபடியும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

"நமக்கும் ஒரு நாள் வயசாகும்ங்க. அப்போ நம்ம புள்ளைக்கு ஒரு டைல்ஸ்காரன் கிடைக்காமலா போயிடுவான்?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பியவர், வண்டியை நேரே இல்லத்துக்கு விட்டார். இன்றைக்கு உடைத்துச் சொல்லிவிடுவது. மாடி வேலை போனால் போகட்டும்.

வராந்தாவில் வயசானவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியவர், பாதியாய் இளைத்துப் போய். இவரைக் கண்டதும் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"இவர்தான்யா! நான் சொல்வேனே, என் ரூமுக்கு டைல்ஸ் போடறவர்!"

"அட, போன்ல பேசற தம்பியா?" என்றார் ஒருவர். "உங்க குரல் எங்களுக்கு நல்லாத் தெரியும். தினமும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார்."

டைல்ஸ்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தரை..."

பெரியவர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்புக் கைதான், ஆனால் இரும்புப் பிடி.

"இன்னும் காயலை. அதானே சொல்ல வந்தீங்க?"

எல்லோரும் இவர் வாயையே பார்த்தார்கள்.

"ஆமாங்கய்யா. இன்னும் காயலை."

"பார்த்தீங்களா? காஞ்சிருந்தா என் பையன் இந்நேரம் ஓடி வந்திருப்பான்யா. அவன் அப்படிப்பட்ட புள்ள."

"பின்னே? நல்ல டைல்ஸ்னா நாள் எடுக்கத்தான் செய்யும்" என்றார் ஒருவர்.

"ரூம் பெரிசா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

காது கேட்காத ஒருவர் கூட எதற்கென்று கேட்காமலே பலமாகத் தலையாட்டினார்.

இவ்வளவு வெள்ளந்தியான ஜனங்களை ஏமாற்றுகிறோமே என்று ஆகிவிட்டது டைல்ஸ்காரருக்கு. அங்கே நிற்க முடியாமல் கேட்டுக்கு வந்தவர், இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைக் கண்டதும் உடைந்துவிட்டார்.

"அம்மா, நான் பெரிய பாவிம்மா. அந்தத் தரை என்னிக்கோ காஞ்சிடுச்சு. அங்க இப்போ மகனோட மேசை கிடக்கு. என்னால சொல்ல முடியல. நீங்களாவது பெரியவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் வந்த புதுசுல எங்க சாப்பாட்டு ஹாலுக்கும் இதே டைல்ஸ்தான் ஒட்டினாங்கப்பா. யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு வாசல்ல நாற்காலி போட்டு ஒரு நாள் பூரா காவல் இருந்தவர் அவர்தான். மறுநாள் காலையில அவர்தான் முதல்ல நடந்து பார்த்து, 'காஞ்சிடுச்சு, வாங்க'ன்னார். இங்க இருக்கறவங்க அத்தனை பேரும் அவர் பின்னாடி நடந்து போய்த்தான் சாப்பிட்டாங்க."