நாற்பது நிமிடத் தூரம்

விமான நிலையத் தகவல் மேஜையில் அவள் வேலைக்கு உட்கார்ந்து அது எட்டாவது மணி நேரம். கழுத்து வலி உயிரை எடுத்தது. மறுபடியும் போன் அடித்தது.

யாரோ ஒரு பெண், தன் ஊரைச் சொல்லிக் கேட்டாள். "உங்க ஊர்லேருந்து இங்க பிளைட்ல எவ்வளவு நேரம்க்கா?"

"நாற்பது நிமிஷம்."

"தூரம்?"

"இருநூத்திப் பத்து கிலோமீட்டர். தினம் ரெண்டு பிளைட், பாதி சீட் காலியாத்தான் பறக்குது. வேற என்ன?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். என் பக்கத்து பெட் அம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். கூட ஒருத்தரும் இல்ல. பொண்ணு உங்க ஊர்லதானாம். 'ரொம்ப தூரம்மா, வர முடியல'ன்னு ரெண்டு வருஷமா சொல்றாளாம். அவளை அலைய வைக்க வேணாம்னு இவங்க ஆபரேஷன் விஷயத்தையே சொல்லல."

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "நாற்பது நிமிஷம் ஒரு தூரமா? வர மனசில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே! நல்ல பொண்ணைப் பெத்தாங்க போங்க."

"நானும் அதையேதான் சொன்னேன், நம்பவே மாட்டேங்கறாங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. போனை அவங்க காதுல வைக்கறேன்."

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தாள். "அம்மா, கேளுங்க. மொத்தமே நாற்பது நிமிஷம்தான்..."

 எதிர்முனையில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இருமல் கேட்டது.

"நீயா கண்ணு? இந்தப் பொண்ணு என்னைப் போட்டுப் படுத்தறா. ரொம்ப தூரம்தான்னு நீயே அவகிட்ட சொல்லிடும்மா."